பழைய சிவிக்கிற்குப் புதிய மாடலின் பிறேக்: மட்டக்களப்பில் இருந்து செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் என் காரின் பிறேக் பெடல் பஞ்சு போலக் கீழே போனது. பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். கியரை இரண்டாவதுக்கு இறக்கி, கைப்பிறேக்கையும் மெல்ல இழுத்து, ஓரத்தில் நிறுத்தி இறங்கினால் முன் சில்லு இரண்டிலிருந்தும் கருகிய வாடை. அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பதியத்தலாவை, மகாஓயா வழியாகச் செங்கலடி வந்து சேரும்வரை நான் வாய் திறந்து பேசவில்லை.

என் கார் ஈஜி8 ரக ஹொண்டா சிவிக். முன்னுக்கு 240 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னுக்கு ட்ரம், 13 அங்குல ரிம். இன்றைய விலையில் வேறு கார் வாங்க முடியாது. ஆகவே அடுத்த தலைமுறை ஈகே சிவிக்கின் பெரிய முன் பிறேக்கை இதில் ஏற்றினேன். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டரை மாதம் இழுத்தது, காசும் வீணானது. கல்லடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து இதே வேலையைத் தொடங்கப் போகிறவர் அந்தச் சுற்றை எல்லாம் சுற்ற வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். உங்கள் கார் வேறு இனம் என்றாலும் படிகள் இவைதான். அளவுகளை மட்டும் உங்கள் காரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இருக்கிற பிறேக்கைச் சரிசெய்து பாருங்கள்

காசை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட முன்னர், இருக்கிற பிறேக் உண்மையில் சின்னதா, அல்லது பழுதா என்று தெரிய வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில் உப்புக் காற்று கலிப்பரின் (டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பகுதி) வழுக்கு முளைகளை இறுக்கிவிடும். அப்படி இறுகினால் உள்பக்கப் பாட் (டிஸ்கில் அழுந்தித் தேயும் கட்டை) தேய்ந்து தகடு ஆகியிருக்கும், வெளிப்பக்கப் பாட் புதிதாகவே இருக்கும். பாட் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அப்புறம் பிறேக் ஒயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140க்கே கொதிக்கத் தொடங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. மலை இறக்கத்தில் ஒயில் கொதித்து ஆவி கட்டினால் பெடல் பஞ்சாகும். எனக்கு நடந்ததில் பாதிக் காரணம் அதுதான்: நான்கு வருடம் ஒயில் மாற்றியிருக்கவில்லை.

ஆகவே முளைகளைக் கழுவிக் கிறீஸ் பூசி, புது டொட் 4 ஊற்றி, நல்ல பாட் போட்டு ஒரு மாதம் ஓடிப் பாருங்கள். ஊருக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு இதுவே போதும். இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள்: இப்போதுள்ள பிறேக்கே சில்லைச் சுழலவிடாமல் பூட்டும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், பெரிய டிஸ்க் போட்டதால் கார் குறைந்த தூரத்தில் நிற்காது. அது ரயரின் வேலை. பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் சக்தி. மலைக்குப் போகிறவர், ஆள் நிறைத்து ஓடுகிறவர், கொழும்புக்கு மாதம் இரண்டு தடவை போகிறவர், இவர்களுக்கே இது பயன்.

2. அளவு எடுங்கள், எழுதி வையுங்கள்

ஒரு வேர்னியர் அளவுகோல் வாங்குங்கள். இரும்புக்கடையில் கிடைக்கும் மலிவானதே போதும். முன் சில்லைக் கழற்றி இவற்றை எழுதுங்கள்: டிஸ்கின் விட்டம், தடிப்பு, உயரம். சில்லு நட்டுகள் எத்தனை, அவற்றின் இடைவெளி. ஹப்பின் (சில்லும் டிஸ்கும் பூட்டும் நடுப்பகுதி) நடு வளையத்தின் விட்டம். கலிப்பர் பிறக்கெட் நக்கிளில் (ஹப்பையும் கலிப்பரையும் தாங்கும் இரும்பு) பூட்டும் இரண்டு போல்ட் துளைகளுக்கும் நடுத் தூரம். கலிப்பர் பிஸ்டனின் விட்டம். மாஸ்டர் பம்பின் (பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளும் பம்ப்) உடலில் வார்த்திருக்கும் எண். ஹொண்டாவில் 13/16, 7/8, 15/16 என்று அங்குலத்தில் இருக்கும்.

இதில் பலரும் விட்டுவிடுவது போல்ட் துளைகளின் இடைவெளி. நானும் விட்டேன். டிஸ்கும் கலிப்பரும் மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்தேன். 240 டிஸ்க் போட்ட நக்கிளில் 262 டிஸ்கின் கலிப்பர் பிறக்கெட் பூட்டாது. நக்கிளோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நக்கிள் என்றால் பேரிங், போல் ஜொயின்ட், அலைன்மென்ட் எல்லாம் கூடவே வரும். வேலையின் அளவே மாறிவிடும்.

3. எந்தக் காரிலிருந்து எடுப்பது

புதிய மாடல் என்றாலே பெரிய பிறேக் என்று எண்ண வேண்டாம். ஈகே சிவிக்கிலேயே 240 டிஸ்க் போட்டதும் உண்டு, 262 போட்டதும் உண்டு. நான் முதலில் வாங்கியது 240. கடைக்காரர் “ஈகே சாமான்தான்” என்றார், அது பொய்யும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வேர்னியர் வைத்தால் என் காரில் இருந்த அதே அளவு. பற்றுச்சீட்டின் அடியில் “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று இருந்தது. 18,000 ரூபாய் போனது.

ஆகவே மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். “262 டிஸ்க், 21 தடிப்பு” என்று அளவைச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்கின் குறுக்கே நீங்களே அளந்து பாருங்கள். அதே அளவு ஹொண்டா இன்டெக்ரா டீசீ2இன் நான்கு நட்டு ரகங்களிலும் வரும். இன்னும் பெரிய 282 டிஸ்க் உண்டு. அதற்கு ஐந்து நட்டு ஹப்பும் பெரிய ரிம்மும் வேண்டும். ட்ரம் பின் பிறேக் உள்ள காருக்கு அது தேவையும் இல்லை.

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் பெரிதாக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மழை நாளில் அவசரமாகப் பிறேக் அடித்தால் பின் சில்லு முந்திப் பூட்டும், கார் சுழன்றுவிடும்.

ஏபிஎஸ் (அவசரப் பிறேக்கில் சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரின் நக்கிள் என்றால் சென்சருக்கான பல் வளையமும் துளையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் காரில் ஏபிஎஸ் இருந்து, வரும் சாமானில் இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள். இருக்கிற பாதுகாப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் போடுவதில் பொருள் இல்லை.

4. ரிம்மும் ஸ்பெயார் சில்லும்

13 அங்குல ரிம் 262 கலிப்பரில் முட்டும். குறைந்தது 14 வேண்டும். 14இலும் சில அலோய் ரிம்களின் கை உள்ளே வளைந்திருக்கும். கலிப்பரைக் கடையில் வைத்து ரிம்மை அதன்மேல் போட்டுச் சுற்றிப் பார்த்தபின் காசு கொடுங்கள். 175/70 ஆர்13 ரயருக்குப் பதிலாக 185/60 ஆர்14 போட்டால் மொத்த விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் கூடும். கிலோமீட்டர் முள் பொய் சொல்லாது.

ஸ்பெயார் சில்லை யாரும் நினைப்பதில்லை. டிக்கியில் பழைய 13 கிடக்கும். வாகரைப் பக்கம் இரவில் முன் ரயர் பஞ்சரானால் அந்தச் சில்லு ஏறாது. ஐந்தாவதாக ஒரு 14 ரிம் வாங்குவது நல்லது. அது முடியாவிட்டால், பின் சில்லைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, 13ஐப் பின்னுக்குப் பூட்டி மெதுவாக வீடு வர வேண்டும். இதைக் காரை ஓட்டும் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள். என் தம்பிக்கு நான் சொல்லாமல் விட்டு, அவர் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பனிச்சங்கேணியிலிருந்து எனக்கு அழைத்தார்.

5. பத்திரங்கள்

வேலைக்கு முன்னரே இவற்றை முடியுங்கள், பின்னர் அலைய வேண்டியிருக்காது.

பதிவுச் சான்றிதழை எடுத்து ரயர் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 14க்கு மாறுகிறீர்கள் என்றால் அதை மாற்றிப் பதிய வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதிக்குக் கொடுக்கும் கடிதத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கு ஒரு பக்கக் கடிதம்: முன் பிறேக் தொகுதி அதே நிறுவனத்தின் பிந்திய மாடல் பாகங்களால் மாற்றப்படுகிறது, டிஸ்க் அளவு இது, ரயர் அளவு இது, வேலை செய்யும் கராஜ் இது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவர்களின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளையில் இருப்பவர் “தேவையில்லை” என்று வாயால் சொன்னால் போதாது. விபத்து நடந்தால் வாகனத்தைப் பார்க்க வருபவர் வேறொருவர்.

பாகங்கள் வாங்கிய பற்றுச்சீட்டில் எந்தக் காரிலிருந்து எடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். கழற்றிய சாமானைப் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கவே வேண்டாம். கராஜ் பில்லும் தேவை. இந்த மூன்றோடும் பழைய பிறேக், புதிய பிறேக் இரண்டினதும் படங்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள். நான் இந்த உறையைத் தயாரிக்க ஒரு பின்னேரம்தான் எடுத்தது.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் திகதியையும் பாருங்கள். கார் கராஜில் தூக்கி நிற்கும்போது அது முடிந்தால், புகைப் பரிசோதனைக்குக் காரைக் கொண்டுபோக முடியாமல் தவிக்க வேண்டிவரும்.

6. வாங்குவது, செலவு

கல்முனை, காத்தான்குடிக் கடைகளில் முதலில் கேளுங்கள். கிடைத்தால் கையில் எடுத்து அளக்கலாம், அதுவே பெரிய இலாபம். கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. தொலைபேசியில் வாங்குவதென்றால் அளவுகோலை டிஸ்கின்மேல் வைத்து எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிற கடையை விட்டுவிடுங்கள்.

கழற்றிய சாமானில் வாங்கக்கூடியது நக்கிள், கலிப்பர், பிறக்கெட். புதிதாகவே வாங்க வேண்டியது டிஸ்க், பாட், ரப்பர் ஓஸ், கலிப்பர் சீல், செப்பு வொஷர், பேரிங், ஹப் நட்டு. கழற்றிய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், லேத்தில் பிடித்துச் சீவலாம் என்பார்கள். டிஸ்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருக்கும். சீவிய பிறகு அதற்குக் கீழே போனால் அது பழைய இரும்புதான்.

நான் கொடுத்த காசு இவ்வளவு. நக்கிள், கலிப்பர், பிறக்கெட் இரண்டு பக்கமும் 55,000. புது டிஸ்க் சோடி 32,000. பாட் 9,500. சீல் 4,000. ஓஸ் 7,000. பேரிங் சோடி 14,000. மாஸ்டர் பம்ப் புதிது 22,000. டொட் 4 ஒரு லீட்டர் 4,000. கூலி 15,000. அலைன்மென்ட் 3,000. கூட்டினால் 165,500. பழைய 14 ரிம் நான்கு 48,000. ரயர் வேறு. விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் “ஐம்பதாயிரத்தில் முடித்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், எதைப் பழையதாகவே போடப்போகிறார் என்று கேளுங்கள்.

7. பூட்டும் நாள்

மாரி காலத்தில் தொடங்காதீர்கள். நொவம்பர் முதல் ஜனவரி வரை நம் பக்கம் மழை விடாது. பிறேக் ஒயில் போத்தலைத் திறந்துவைத்து வேலை செய்ய அது காலம் இல்லை. இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். எல்லாப் பாகமும் கைக்கு வந்து, அளந்து பார்த்த பிறகே பழையதைக் கழற்றுங்கள். நான் முந்திக் கழற்றியதால் கார் மூன்று கிழமை மரக்குற்றியில் நின்றது. அந்தக் குற்றியும் பிழை. இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

பழைய டிஸ்கை ஹப்போடு பிடித்திருக்கும் இரண்டு சின்ன நட்சத்திரத் திருகுகள் பொறுமையைச் சோதிக்கும். வருடக்கணக்கில் துருப்பிடித்துத் தலை மழுங்கியிருக்கும். சாதாரணத் திருப்புளியால் முறுக்கினால் தலை உடையும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் திருப்புளி கொண்டு கழற்றுங்கள். டிஸ்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் அதிலேயே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். எட்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள போல்ட் இரண்டை அதில் மாறிமாறி இறுக்கினால் டிஸ்க் தானே தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுத்தியலால் ஹப்பில் அடிக்க வேண்டாம், பேரிங் போய்விடும்.

ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளையாகும் வரை தேயுங்கள். அங்கே ஒரு துருத் துணுக்கு இருந்தாலும் டிஸ்க் ஆடும், எண்பதில் ஸ்டியரிங் நடுங்கும். டயல் கேஜ் உள்ள கராஜ் என்றால் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

இறுக்கும் அளவுகள் என் காருக்கு: பிறக்கெட் போல்ட் 108 நியூட்டன் மீட்டர், சில்லு நட்டு 108, ஹப் நட்டு 181. ஹப் நட்டை இறுக்கியபின் அதன் விளிம்பை அச்சின் பள்ளத்துக்குள் தட்டிப் பூட்ட வேண்டும். ஓஸின் இரண்டு பக்கமும் புது செப்பு வொஷர். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து ஓஸ் எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள்.

என் வேலையில் ஒரு முழு நாளைத் தின்ற பிழையைச் சொல்கிறேன். கராஜில் காலை ஒன்பது முதல் மாலை வரை பிறேக்கில் காற்று எடுத்தார்கள். ஒரு லீட்டர் ஒயில் முடிந்தது, பெடல் ஏறவே இல்லை. மாஸ்டர் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். பக்கத்துக் கராஜிலிருந்த வயதான மெக்கானிக் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தார். “மகன், நிப்பிள் கீழ பாக்குது. காத்து மேலதானே ஏறும்?” என்றார். நிப்பிள் என்றால் கலிப்பரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு. வலது கலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் பூட்டியிருந்தார்கள். இரண்டும் பொருந்தும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் பூட்டி இருபது நிமிடத்தில் காற்று போய்விட்டது. ஒயில் ஊற்ற முன்னர் நிப்பிள் மேலே பார்க்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

8. பெடல் கீழே போனால்

காற்று முழுதாகப் போன பிறகும் பெடல் முன்னரைவிடக் கீழே போகலாம். பெரிய பிஸ்டனை நகர்த்தக் கூடுதல் ஒயில் வேண்டும். 51 மில்லிமீட்டர் பிஸ்டனிலிருந்து 54க்குப் போனால் பரப்பு ஏறக்குறைய 12 வீதம் கூடும், அவ்வளவு ஒயிலையும் அதே சின்ன மாஸ்டர் பம்ப் தள்ள வேண்டும்.

ஆனால் உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள். முதலில் பின் ட்ரம்மின் சப்பாத்துகளை (பிறேக் ஷூ) அட்ஜஸ்ட் செய்யுங்கள். அவை தளர்ந்திருந்தால் பெடலில் பாதி அங்கேயே போய்விடும். அதன் பிறகும் கீழே போனால் ஒரு படி பெரிய பம்ப். என் காரில் 13/16 இருந்தது, 7/8 போட்டேன், பெடல் சரியான உயரத்துக்கு வந்தது. இரண்டு படி தாண்டி 1 அங்குலம் போட்டால் பெடல் கல்லாகிவிடும், மிதிக்கக் கூடுதல் பலம் வேண்டும். வீட்டில் வேறு யாரும் ஓட்டுகிறார்கள் என்றால் அது ஆபத்து. கழற்றிய பழைய பம்ப் மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் எத்தனை வருடம் காய்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது.

9. பாட்டைப் பழக்குவது

புதுப் பாட்டும் புது டிஸ்கும் முதல் நாளே பிடிக்காது. கராஜ் வாசலில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து தடவை நிறுத்திப் பாருங்கள். காரை நிறுத்தி ஓஸ் மூட்டுகளில் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே வீதி.

நான் போனது ஞாயிறு காலை ஆறரைக்கு, வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியில். நீங்கள் அதைவிட வெயில் ஏறிய பிறகு போங்கள், விடியற்காலையில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். பின்னால் வாகனம் இல்லாத நீளமான இடத்தில் 60இலிருந்து 10 வரை நடுத்தரமாக மிதித்துக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். மறுபடி 60. இப்படிப் பத்துத் தடவை. இலேசான வாடை வரும், பயப்படத் தேவையில்லை. பிறகு பிறேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓடி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் பாட் டிஸ்கில் ஒட்டிப் படிந்து, பின்னர் நடுக்கமாகத் தெரியும்.

10. அதன் பிறகு

முதல் 100 கிலோமீட்டரில் சில்லு நட்டுகளையும் பிறக்கெட் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அலைன்மென்ட் அதே கிழமையில். 500இல் ஒயில் மட்டம். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கார் குறைவாக ஓடினாலும் சரி.

மலை இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்குங்கள். நான் போன ஏப்ரலில் அதே பதினெட்டு வளைவில் அதே ஆட்களோடு இறங்கினேன். அஸலகவில் நிறுத்திப் பெடலை மிதித்துப் பார்த்தேன், காலையில் வீட்டில் இருந்த அதே உயரத்தில் நின்றது.

கடைசியாக ஒரு துண்டுத் தாள். இனிப் பாட் வாங்கப் போகும் யாரும் ஈஜி8 என்று சொல்லிக் கேட்டால் பொருந்தாத பாட்தான் கிடைக்கும். எந்தக் காரின் கலிப்பர், டிஸ்க் எந்த அளவு, மாஸ்டர் பம்ப் எந்த அளவு, ஒயில் டொட் 4, முன்னுக்கு 13 ரிம் ஏறாது என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். நாளை காரை விற்றாலும் அந்தத் தாள் காரோடேயே போகட்டும்.